ராஜா சூலானும் ராஜேந்திர சோழனும்

(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் பேராக் ஆற்றின் கழிமுகத்திற்கு வடக்கே, டிண்டிங் பகுதியில் கங்கா நகரம் என்றொரு நகரம் இருந்ததாக ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. 1612இல் தொகுக்கப்பெற்ற மலாய் நூல் அது. இந்தியாவிலிருந்து பெரும்படையுடன் வந்த மன்னன் ஒருவன், குன்றின்மேல் இருந்த அதன் கோட்டையை வென்றானாம். பிரதிக்குப் பிரதி அவன் பெயர் சூரான் என்றும் சூலான் என்றும் மாறும்.

அதோடு கதை நிற்கவில்லை. சீனத்தை வெல்லவும் படை புறப்படுகிறது. தெமாசிக் துறையில், துருப்பிடித்த ஊசிகளும் பல் விழுந்த கிழவர்களுமாக ஒரு சீனக் கப்பல் வந்து நிற்கிறது. “நாங்கள் புறப்பட்டபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், இந்த ஊசிகளோ கை பருமன் இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள் கிழவர்கள். சீனம் அவ்வளவு தொலைவா என்று படை திரும்பிவிடுகிறது! பிறகு கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலடிக்குச் சென்று, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான் மன்னன். படித்துச் சுவைக்க வேண்டிய கதை. சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதன்று.

‘சூலான்’ என்பது ‘சோழன்’ என்பதன் எதிரொலி என்பர் பலர். இருக்கலாம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்தது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வென்ற ஊர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம்... கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கங்கா நகரம் இல்லை.

ஆனால் நம் மேடைகளில், சோழன் இந்நாட்டை நூறாண்டு ஆண்டான் என்று முழங்குகிறோம். கல்வெட்டு சொல்வது வெற்றியை. ஆளுநரை அமர்த்தி ஆண்டதையன்று. 1068ஐ ஒட்டி வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன் அடிபணிந்த அந்நாட்டு மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சோழர் கல்வெட்டே கூறுகிறது. நாம் சொன்னதை நம்பி நம் பிள்ளை பள்ளியில் எழுந்து பேச, “ஆதாரம் எங்கே?” என்று ஒருவர் கேட்டால், தலைகுனிந்து நிற்பது அந்தப் பிள்ளை அல்லவா?

கோலாலம்பூரில் உள்ள ராஜா சூலான் சாலையையும் சிலர் சோழன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது 1933இல் மறைந்த நம் பேராக் அரச குடும்பத்து ராஜா சூலானின் பெயர்.

படையெடுப்பை மட்டுமே பேசுவோர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. கடாரத்து மன்னர் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாக அளித்தவன் ராஜராஜன், ராஜேந்திரனின் தந்தை. ஆண்டு 1006. லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற அந்தச் சாசனம் தமிழில் விரிவாகவே இருக்கிறது. ஊரின் எல்லைகளைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்கிறது. சிவபக்தனான மன்னன், கடல் கடந்த நாட்டார் எழுப்பிய புத்தர் கோயிலுக்கு ஊர் தந்த பத்தொன்பதாம் ஆண்டில்தான் அவன் மகனின் கப்பல்கள் கடாரத்துக்குப் புறப்பட்டன.