சொல்லத் தக்க பொருள் எது?

(மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் கைக்கு இன்று எட்டியிருக்கும் புதுக் கருவிகளுள் ஒன்று வலையொலி. அதனைப் பாட்காஸ்ட் என்றும் வழங்குவர். அந்தச் சொல் பிறந்ததே 2004ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில், இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகிய அண்ணா எஃப்.எம். தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதற்கு அரசின் உரிமம் வேண்டியிருந்தது. நிலையமும் கோபுரமும் வேண்டியிருந்தன. இன்றைய மாணவர்க்கோ ஒரு கைப்பேசியும் அமைதியான ஓர் அறையும் போதும். கருவி எளிதாயிற்று. எதைப் பேசுவது என்னும் கேள்வி மட்டும் எளிதாகவில்லை.

மாணவர் நால்வர் கூடி வலையொலி செய்யத் தொடங்கினால், முதலில் வாய்க்கு வரும் தலைப்புகள் புவி வெப்பமாதல், நெகிழி ஒழிப்பு, கைப்பேசியின் தீமைகள் என்பனவாகவே இருக்கும். இவற்றில் ஒன்றும் தீய தலைப்பன்று. ஆயினும் அம்மாணவர் சொல்லப்போவது முழுவதும் முன்பே எழுதிவைக்கப்பட்டிருப்பது. அதனை எடுத்து ஒப்பிப்பதற்கு எவருடைய குரலும் போதும். இந்த ஊரில், இந்த வயதில், இந்த மாணவர் சொன்னால்தான் உண்டு என்னும் பொருளைக் கண்டெடுப்பதே முதல் வேலை.

கூடி அமர்ந்து எண்ணங்களைத் திரட்டும் முறைக்கு விதி வகுத்தவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்னும் அமெரிக்கர். விளம்பரத் துறையைச் சேர்ந்தவர். 1953இல் வெளிவந்த அவரது நூல் நான்கு நெறிகளை வற்புறுத்துகிறது. எண்ணங்கள் எண்ணிக்கையில் பெருக வேண்டும். அவை வரும்போதே குறை கூறல் கூடாது. விந்தையான எண்ணத்தையும் வரவேற்க வேண்டும். ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டி எழுப்ப வேண்டும். இம்முறையை 1958இல் யேல் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்தபோது, குழுவாக அமர்ந்தவர்களைவிடத் தனித்தனியே சிந்தித்தவர்களின் எண்ணங்களைப் பின்னர் ஒன்று சேர்த்தபோது மிகுதியாகக் கிடைத்தன. கூட்டத்தில் உரக்கப் பேசுவோர் முந்திக்கொள்வதும் கூச்சமுடையோர் அடங்கிவிடுவதும் நாம் அறிந்தவையே. ஆகவே முதற் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் பேசாமல் தம் தாளில் எழுதட்டும். பிறகு அனைவருடைய தாளையும் படிக்கட்டும். கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாளில்தான் நல்ல தலைப்பு இருக்கக்கூடும்.

திரட்டியபின் தெரிவு செய்ய அளவுகோல் வேண்டும். அதனைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூலை இயற்றிய சமண முனிவர் பவணந்தியார் காட்டிய வழி நமக்கு உண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியன எட்டு என்பார் அவர். அவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் வலையொலி செய்வோர்க்கு அப்படியே பொருந்தும். எதைப் பற்றியது? யார் கேட்பதற்கு? கேட்பதால் என்ன விளையும்? இம்மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுத இயலாத தலைப்பு இன்னும் கனியவில்லை என்று கொள்ளலாம். நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் நன்னூல் எண்ணுகிறது. எடுத்த பொருளை விட்டு மற்றொன்றை விரிப்பதும், தொடக்கத்தில் வீறுடன் எழுந்து போகப்போகத் தேய்ந்து முடிவதும் அவற்றுள் அடங்கும். தலைப்பு அளவுக்கு மீறி அகன்றிருந்தால் இவ்விரண்டும் தாமே வந்து சேரும்.

அமெரிக்கப் பொது வானொலியாகிய என்.பி.ஆர். 2019இல் மாணவர்க்கான வலையொலிப் போட்டியின் முதல் முடிவுகளை அறிவித்தது. ஏறத்தாழ 6,000 படைப்புகள் வந்திருந்தன. நடுநிலைப் பள்ளிப் பிரிவில் வென்ற நியூயார்க் மாணவியர், மாதவிலக்கைப் பற்றிப் பேசுவதற்குள்ள தயக்கத்தையே பொருளாகக் கொண்டனர். உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் வென்றவர்கள் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்தன் என்னும் சிற்றூர் மாணவர். அவர்கள் எடுத்த பொருள் தம் வட்டாரத்தைச் சேர்ந்த எர்வின் என்னும் ஊரின் பழைய பழி. 1916இல் மேரி என்னும் சர்க்கஸ் யானை தன்னை நடத்திய பணியாளரைக் கொன்றது. அதற்குத் தண்டனையாக எர்வின் ரயில் நிலைய வளாகத்தில் பளுதூக்கியில் கட்டி அதனைத் தூக்கிலிட்டனர். ஒரு நூற்றாண்டு அவ்வூர் அப்பழியைச் சுமந்தது. பின்னர் அவ்வூர் இளைஞர்கள் தெருக்களில் யானைச் சிலைகளை நிறுவி, யானைகள் காப்பகத்துக்குப் பொருள் திரட்டினர். வாயற்ற உயிருக்கு இழைத்த கொடுமையும் அதற்கு ஓர் ஊர் தேடிய கழுவாயுமாகிய இக்கதைக்கு அம்மாணவர் உலகம் சுற்றவில்லை. அருகிலிருந்ததை உற்றுக் கேட்டனர், அவ்வளவே.

அண்ணனூர்ப் பிள்ளைகள் இதனைத் தம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் வண்டி சென்ற தடத்தில் அமைந்த ஊர் இது. மின்தொடர் வண்டிகளைப் பேணும் பணிமனையும் இங்கேதான் இருக்கிறது. 'இந்திய ரயில்வேயின் வரலாறு' என்பது தலைப்பாகாது, அது பேரேடு. 'கடைசிப் பயணி இறங்கியபின் அந்த வண்டிக்கு என்ன நிகழ்கிறது?' என்பது தலைப்பு. அதற்கு விடை சொல்லத்தக்க ஓய்வுபெற்ற தொழிலாளர் அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும். வண்டியின் ஓசையும் சங்கொலியும் ஒலிப்பதிவுக்குத் தாமே துணை வரும்.

அடுத்துள்ள ஆவடியில் 1955 சனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தீர்மானம் பாடநூலில் உண்டு. அந்நாளில் அவ்வூர் எப்படி இருந்தது, கூட்டத்துக்கு எப்படித் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பாடநூலில் இராது. அன்று பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று எண்பது அகவையினர். இவ்வாண்டு கேளாததை இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க நினைத்தால் சொல்வதற்கு ஆள் இரார். தலைப்புத் தேர்வைப் பள்ளிப் போட்டியின் சிறு வேலையாக எண்ணலாகாது என்பது இதனால்தான். இளையோர் கேளாத கதை, முதியவரோடு சேர்ந்தே போய்விடுகிறது.

இங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. பிறர் வாழ்வைப் பொருளாகக் கொள்ளும்போது அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். பதிவை வெளியிடுமுன் அவருக்குப் போட்டுக் காட்டுதல் நன்று. சுவைக்காக ஒருவரை நோகச் செய்யும் தலைப்பு எத்துணை பேரை ஈர்ப்பினும் விடத்தக்கது.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். தலைப்பைத் தாங்களே எழுதித் தராதீர்கள். பிள்ளை நான்கு தலைப்புகளோடு வந்தால், 'எதைப் பற்றி நீ உண்மையிலேயே அறிய விரும்புகிறாய்?' என்று கேளுங்கள். பிறகு வீட்டிலுள்ள பாட்டனார், பாட்டியார் அருகில் அப்பிள்ளையை அமரச் செய்து, தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள்.