ஊராட்சியும் கைக்கணினியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



கடைக்காரர்கள் 'டேப்லெட்' என்றும், நம் வீட்டுப் பிள்ளைகள் சுருக்கமாக 'டேப்' என்றும் சொல்லும் கைக்கணினியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இக்கருவியால் விளையும் நன்மைகளையெல்லாம் விரித்துரைப்பது என் நோக்கமன்று. அவற்றை விளம்பரங்கள் நாள்தோறும் சொல்லி வருகின்றன. பெட்டியைப் பிரித்தது முதல், இணையத்தோடு இணைத்து, பெயர் பதிந்து, முதல் வேலையைச் செய்வது வரையுள்ள அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அந்த நேரத்தில் யார் உடனிருந்தார்கள், யாருடைய பெயரில் பதிந்தார்கள் என்பதைப் பொறுத்தே அக்கருவி ஊருக்குச் சொந்தமாவதும் ஆகாமற் போவதும் இருக்கிறது.

நான் முன்பு பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஊராட்சிக்குக் கைக்கணினி வாங்கினார்கள். அதைச் சரிசெய்து கொடுக்க உள்ளூர் இளைஞர் ஒருவர் முன்வந்தார். நல்ல பிள்ளை, கூலி ஒன்றும் கேட்கவில்லை. வேலை விரைவில் முடியட்டும் என்று தம்முடைய கூகுள் கணக்கையும், தம்முடைய கைப்பேசி எண்ணையுமே அதில் பதிந்து கொடுத்துவிட்டார். ஓராண்டு வரை யாதொரு குறையும் இல்லை. பிறகு அவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் சென்றார்; எண்ணையும் மாற்றிக்கொண்டார். ஒரு நாள் கருவி பூட்டிக்கொண்டது. திறக்கும் எண் ஒருவருக்கும் நினைவில்லை. கடையில் கொடுத்து, உள்ளிருப்பதையெல்லாம் அழித்தாவது திறந்து தரும்படி கேட்டார்கள். உள்ளிருந்தது அழிந்தது, கருவி மட்டும் திறக்கவில்லை. தெரு வாரியாகப் படம் பிடித்து வைத்திருந்த குடிநீர்க் குழாய் இணைப்புகளின் விவரம், தெருவிளக்குகளின் கணக்கு, பழுது பற்றிய மனுக்கள் எல்லாம் போயின. அக்கோடையில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரியாமல் இரண்டு தெருவைத் தோண்டிப் பார்த்தார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு கருவிகளில் 2015 முதல் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி வலுக்கட்டாயமாகக் கருவியைத் துடைத்தால், மறுபடி தொடங்கும்போது முன்பு அதிலிருந்த கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும், அல்லது பழைய திறப்பு எண்ணையும் அது கேட்கும். திருடனுக்குக் கருவி பயன்படாமற் போகவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் உரிமையாளர் யார் என்பதைக் கருவி ரசீதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கணக்கைப் பார்த்தே முடிவு செய்கிறது. விலை கொடுத்தது ஊராட்சிதான்; எனினும் கருவியின் கண்ணுக்கு உரிமையாளர் திருப்பூரில் இருக்கும் அந்த இளைஞரே.

ஆகவே, பெட்டியைப் பிரித்தவுடன் செய்யவேண்டிய முதற்காரியம் ஊராட்சியின் பெயரில் ஒரு புதுக் கணக்கைத் தொடங்குவதாகும். அதற்குரிய மீட்பு எண்ணாகத் தனியாருடைய எண்ணைக் கொடுத்தல் ஆகாது. ஊராட்சி அலுவலகத்துக்கென்று ஒரு சிம் கார்டு இருக்குமானால் அதையே கொடுக்கவேண்டும். அந்தச் சிம்மை மேசை அறையில் போட்டு மறந்துவிடவும் கூடாது. 90 நாள் உபயோகமின்றிக் கிடக்கும் எண்ணை நிறுத்திவிடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. சில காலம் கழித்து அவ்வெண் முன்பின் அறியாத வேறொருவருக்குப் போய்ச் சேரும். பிறகு நம் ஊராட்சிக் கணக்கின் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசியில் விழும். கடவுச்சொல்லையும் திறப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, தலைவரும் செயலரும் குறுக்கே கையொப்பமிட்டு அலுவலக பீரோவில் வைப்பது நல்லது. பழைய காலத்து வழக்கமென்று சிலர் சிரிக்கலாம். சாவிக்கொத்தை அப்படித்தானே வைத்திருக்கிறோம்? பெட்டியின்மேல் ஒட்டியுள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை இருப்புப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். சிம் போடும் கருவி களவு போனால், போலீஸில் புகார் கொடுத்தபின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அவ்வெண்ணைத் தெரிவித்துக் கருவியை முடக்கிவிடலாம். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் இவ்வசதி இருக்கிறது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாநில ஊராட்சிகளில் பெண்களுக்குரிய பங்கைப் பாதியாக்கி 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் பல இடங்களில் தலைவியின் பெயரில் வரும் ஓ.டி.பி. கணவரின் சட்டைப்பையில் ஒலிப்பதை நான் கண்டிருக்கிறேன். அவருடைய டிஜிட்டல் கையொப்பக் கருவி மைத்துனரின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்ததையும் கண்டிருக்கிறேன். அவ்வெண்ணைச் சொல்லுவது காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம். கணக்கில் தவறு நேர்ந்தால் நோட்டீஸ் தலைவியின் பெயருக்குத்தான் வரும். கைக்கணினியைத் திறக்கும் கைரேகையைப் பதியும்போது தலைவியின் விரலே முதலில் பதியட்டும். அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். "எனக்குப் படிப்பு இல்லையே" என்று ஒருவரும் பின்வாங்க வேண்டியதில்லை; காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

இனி இணைப்பு. கைக்கணினி இரண்டு வகை. ஒன்றில் சிம் கார்டு போடும் துளை இருக்கும். மற்றதில் இராது, வைபை மட்டுமே. விலை சற்றுக் குறைவு என்று இரண்டாம் வகையை வாங்கி வந்து, "சிம் எங்கே போடுவது?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி அது. வைபை மட்டும் உள்ளதாயின், கைப்பேசியில் 'ஹாட்ஸ்பாட்' என்பதைத் திறந்து அதன் வழியே இணையம் கொடுக்கலாம். இது புதிய யுக்தியுமன்று. 2005-ல் பின்லாந்து நாட்டு நோக்கியா கம்பெனி 'இணைய டேப்லெட்' என்ற பெயரிலேயே 770 என்னும் சிறு கருவி ஒன்றை வெளியிட்டது. அதில் தொலைபேசி கிடையாது. வைபை இருந்தால் அதன் வழியாகவும், இல்லையேல் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசியின் துணையோடும் அது இணையத்தை எட்டிற்று. வயல் வரப்பில் நிற்கும் விவசாயி இன்று செய்வதும் அதுவே. ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் இட மறந்தால் மட்டும், அன்றைய தரவு முழுவதையும் பக்கத்துத் திண்ணைப் பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள்.

ஊராட்சி அலுவலகத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. கண்ணாடி இழைக் கம்பிகளால் ஊராட்சிகளையெல்லாம் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2011-ல் ஏற்றது. 2015-ல் அதற்குப் பாரத்நெட் என்று பெயராயிற்று. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்பிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் ஊரில் அந்த இழை எந்தக் கட்டடத்தில் வந்து நிற்கிறது என்பதை நேரில் சென்று பாருங்கள். அங்கே சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், வரும் வழியில் இழை அறுந்திருக்கிறதென்றோ கழன்றிருக்கிறதென்றோ பொருள். அப்போது கைக்கணினியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, புகார் எழுதவேண்டும். இழை மின்கம்பங்களின்மீதும் வருகிறது, மண்ணுக்கடியிலும் வருகிறது. மரக்கிளை வெட்டும்போதும், குழாய் பதிக்க ஜே.சி.பி. கொண்டு தோண்டும்போதும் அதை அறுப்பவர்கள் பெரும்பாலும் வெளியூரார் அல்லர், நாமேதான். வேலை உத்தரவு கொடுக்கும்போதே இழை போகும் வழியை ஒப்பந்தக்காரருக்குக் காட்டிவிட்டால் ஒரு மாத வேலை மிஞ்சும்.

வைபை பெட்டி சில இடங்களில் ஒரே பெயரை இரண்டாகக் காட்டும். ஒன்றின் முடிவில் 5 ஜி என்றிருக்கும். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் மிகுதி, ஆனால் சுவரைக் கடந்து வெகுதூரம் செல்லாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானது, தொலைவு எட்டும். அலுவலகத்து வெளித்திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுபவருக்கு இரண்டாவதே ஏற்றது. கைப்பேசிக் கம்பெனிகள் விளம்பரம் செய்யும் 5 ஜி வேறு, இது வேறு. இன்னொன்று: எல்லாம் சரியாயிருந்தும் எந்தத் தளமும் திறக்காமல் 'பாதுகாப்பற்றது' என்றே திரையில் வந்தால், முதலில் கருவியின் தேதியைப் பாருங்கள். பாட்டரி அடியோடு தீர்ந்து கிடந்த கருவி சில சமயம் பழைய தேதியைக் காட்டும். தேதி தவறினால் தளத்தின் சான்றிதழ் காலாவதியானது போலக் கருவிக்குத் தோன்றும்.

தமிழைப் பற்றிச் சொல்லுகிறேன் என்றேன். அமைப்புப் பகுதிக்குச் சென்று கருவியின் மொழியையே தமிழாக மாற்றிவிடுங்கள். விசைப்பலகையிலும் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக்களைத் தேடித் தொடச் சிரமப்படுவோர் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு வாயால் சொன்னால் அதுவே எழுதிவிடும். ஊர்ப் பெயர்களில் மட்டும் சிறிது தடுமாறும், திருத்திக்கொள்ளலாம். படிப்புக் குறைவு தடையன்று என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

ஆனால் அலுவலகத்துப் பழைய கோப்புகளைத் திறந்தால் வேறொரு தொல்லை வரும். கம்ப்யூட்டரில் தமிழாக இருந்த தீர்மானம் கைக்கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதை அழித்தவர்களும் உண்டு. அது கெடவில்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அடியிலிருக்கும் ஆங்கிலமே தெரியும். 2010-ல் நம் மாநில அரசாங்கம் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் எழுதிய தமிழ் எக்கருவியிலும் தமிழாகவே நிற்கும். பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிலம், வீட்டுமனை, குளம் சம்பந்தமான தீர்மானங்களை முதலில் மாற்றுங்கள். பாராட்டுத் தீர்மானங்கள் காத்திருக்கலாம்.

விவசாயிகள் எதைக் கொண்டு தொடங்குவது? உழவன் செயலி 2018 முதல் இருக்கிறது. மானியத்துக்குப் பதிவு, விதை உர இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை ஆகியவை அதில் தமிழில் உண்டு. 2019-ல் வெளிவந்த மேகதூத் செயலி செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்டவாரியாகப் பயிர் ஆலோசனை தருவது. தாமினி என்னும் செயலி மின்னலை முன்னறிவிக்கும். நடவுக்கு ஆள் இறக்கும் நாளில் அதைப் பார்க்காமலிருப்பது தவறு. பட்டா, சிட்டா பார்ப்பதற்கு 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசாங்கத் தளம் இருக்கிறது. எழுத்தைவிடப் பேச்சே வசதி என்பவர் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

செயலிகளைக் கருவியோடு வரும் பிளே ஸ்டோர் கடையிலிருந்து மட்டுமே இறக்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பி.எம். கிசான் தவணை வந்திருக்கிறது, இதைத் தொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயரின் முடிவில் 'ஏ.பி.கே.' என்றிருக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம். அவர் கருவி முன்னரே பிடிபட்டிருக்கும். தொட்டு நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தோமானால் வங்கியின் ஓ.டி.பி. நாம் பார்க்குமுன்பே திருடனுக்குப் போய்விடும். நெல் விற்ற பணம் கணக்கில் விழுந்திருக்கும் சமயம் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பணம் போனதென்று தெரிந்த கணமே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பஞ்சாயத்துப் பேசி, மைத்துனரைக் கலந்து, மறுநாள் போவோம் என்றிருந்தால், பணம் பல கணக்குகள் மாறிவிடும்; உடனே சொன்னால் நடுவழியில் நிறுத்திவைக்க இடமுண்டு. ஊராட்சியின் பொதுக் கைக்கணினியில் ஒருவரும் தம் சொந்த வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம்.

பூட்டவேண்டியதைச் சொன்னேன், திறந்து காட்டவேண்டியதும் ஒன்றுண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் சுவராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டங்களையும் செலவையும் கடவுச்சொல் இல்லாமலே எவரும் பார்க்கலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கைக்கணினியைப் பள்ளிக்கூடத்து புரொஜெக்டரோடு இணைத்து அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டுங்கள். கேள்விகள் வரும், சில சங்கடமாகவும் இருக்கும். செலவுச்சீட்டுகளை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

பின்மேசையில் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் இருவர் வாருங்கள். இருவரில் ஒருவர் பெண்ணாயிருக்க வேண்டும். அலுவலகச் சிம் கார்டையும், இருப்புப் பதிவேட்டையும், ஒட்டுவதற்கு உறையையும் கொண்டு வந்திருப்பீர்கள். சிம் கொண்டுவராதவர்கள் இன்று கணக்குத் தொடங்கவேண்டாம். திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்துக்கு வரலாம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மொழியை மாற்றி, வைபையில் சேர்ந்து, தேதியைச் சரிபார்த்துவிடலாம்.