ராடாரும் காற்றின் ஈரமும்

கோடைக்காலத்தில் ஒரு நாள். காலையில் வானம் தெளிவாக இருக்கிறது. மாலையில் இடி இடித்து, ஆலங்கட்டி விழுந்து, ஓர் ஊரின் விளைச்சல் பாழாகிறது. 15 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரிலோ ஒரு துளியும் இல்லை. இவ்வேற்றுமைக்குரிய காரணங்கள் பல. அவற்றுள் தலையாய ஒன்று, தரையை ஒட்டிய காற்றில் அடங்கியுள்ள நீராவி. ஈரக்காற்று மேலெழுந்து குளிரும்போது நீராவி துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேன்மேலும் உயர்த்துகிறது. இடிமழைக்கு நீராவியே எரிபொருள் எனலாம்.

அந்த நீராவி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 1994 முதல் 100-க்கு மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் காற்றின் ஈரத்தை அளந்து வருகின்றன. ஆயினும் நிலையத்துக்கு நிலையம் பல கிலோமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் நிகழ்வதை எவ்வாறு அறிவது?

ராடார் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் காட்டுவது என்பதை அறிவோம். கட்டடங்கள், கம்பங்கள், கோபுரங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் எதிரொலியைத் தொல்லையெனக் கருதி அறிஞர்கள் நீக்கி வந்தனர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஃபாப்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அத்தொல்லையையே துணையாகக் கொண்டனர்.

வானொலி அலை வெற்றிடத்தில் செல்வதைவிடக் காற்றில் சற்று மெதுவாகச் செல்கிறது. ஏறத்தாழ 10,000-இல் 3 பங்கு குறைவு. நீராவி மிகுந்தால் வேகம் இன்னும் சிறிது குறையும். கம்பமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே எதிரொலி திரும்பும் நேரம் மாறினால், இடையிலுள்ள காற்றே மாறியிருக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். கம்பம் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அலை போய்வரும் வழி 20 கிலோமீட்டர். காற்றின் விலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், வழி 2 சென்டிமீட்டர் நீண்டது போலாகும். அலைநீளம் 10 சென்டிமீட்டராயின், இது அதில் ஐந்தில் ஒரு பங்கு. இம்மாறுதலை ராடார் உணர வல்லது. வெப்பமான நாளில் நீராவியின் அழுத்தம் கால் மில்லிபார் அளவு கூடினாலே இம்மாறுதல் உண்டாகும். ஒரே திசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரு கம்பங்களை ஒப்பிட்டால், அவற்றுக்கு இடைப்பட்ட காற்றின் நிலை தனியே விளங்கும்.

2002 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் தென் பெருஞ்சமவெளியில் இம்முறை சோதிக்கப்பட்டது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் அங்கே சந்திக்கின்றன. அவ்வெல்லையில் இடிமழை பிறப்பது உண்டு. ஈரக்காற்றுக்கும் வறண்ட காற்றுக்கும் இடைப்பட்ட இத்தகைய எல்லைகளை ராடார் படமாகக் காட்டியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. புவி வளைந்திருப்பதால் சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பயன் குறையும். காற்றில் அசையும் மரமும் பயிரும் அளவைக் குழப்பும். வெப்பநிலை மாறினாலும் விலகல் எண் மாறும். மேலும், ஈரம் இருந்தால் மட்டும் போதாது. அதனை மேலே தூக்கும் விசையும் வேண்டும்.

எனினும், இடிமழை எங்கே பிறக்கும் என்பதைச் சற்று முன்னதாக அறிந்தாலும் உழவர் கால்நடைகளை ஒதுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் நிறுத்தலாம். மாணவர்களே, உங்கள் சோதனைச் சாலையில் வேண்டாத அளவு ஒன்று குறுக்கிட்டால், அதனை அழிக்குமுன் அது ஏன் வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.