ஹேஸ்டிங்ஸ் தெருவின் கவிஞர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதையும் கதையும் பேசிவருகிறோம். கவிதையால் ஆவதென்ன என்னும் கேள்வி இங்கே எத்தனையோ முறை எழுந்து, தேநீர் வந்ததும் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை கூற நான் வரவில்லை. ஒரு கவிஞரைப் பற்றியும் அவர் வாழ்ந்த தெருவைப் பற்றியும் சொல்ல விழைகிறேன். கவிஞர் பட் ஆஸ்பர்ன். தெரு, கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரத்துக் கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெரு. நான் அந்நகருக்குச் சென்றவன் அல்லன், படித்தறிந்ததையே சொல்கிறேன்.

மரம் வெட்டுவோரும் துறைமுகத் தொழிலாளரும் வேலையற்ற பருவங்களில் தங்குவதற்கென எழுந்த மலிவான விடுதிகள் அத்தெருவில் நிறைந்திருந்தன. ஆளுக்கோர் அறை, மாடிக்கொரு குளியலறை. தொழில்கள் மெலிந்தன. மனநல மருத்துவமனைகள் நோயாளரை வெளியே அனுப்பின. அவர்களுக்குக் கிடைத்த இடமும் இதுவே. 1993இல் வுட்வர்ட்ஸ் என்னும் பேரங்காடி மூடப்பட்டபின் தெருவில் எஞ்சிய வணிகமும் நலிந்தது. ஹெராயின் முன்பே இருந்தது, கொக்கெயினும் பெருகியது. இத்தனைக்கும் நடுவே, தெருமுனையில், 1903இல் கட்டப்பட்ட கார்னகி நூலகக் கட்டடம் நிற்கிறது. 1980 முதல் அது அப்பகுதி மக்களின் பொதுமன்றம். உள்ளே படிப்பறை இன்றும் உண்டு. நம்மைப் போன்ற கூட்டத்தார் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

ஆஸ்பர்ன் 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். விமானியாக இருந்த தந்தை சிறையில் தற்கொலை செய்துகொண்டபோது மகனுக்கு வயது மூன்று. வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பைத் தவிர்க்கக் கனடாவுக்கு வந்தார். ஹெராயினின் பிடியில் நெடுங்காலம் கிடந்தார். மீண்ட பின்னரும் அத்தெருவை விட்டு அகலவில்லை. மீண்டவர்கள் பெரும்பாலும் பழைய தெருவைத் திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இவர் அங்கேயே தங்கி, அங்குள்ளோர் பேசும் மொழியிலேயே எழுதினார். எழுதியதை அரங்குகளில் மட்டுமல்லாது ஊர்வலங்களிலும் படித்தார்.

1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு நகரை உலுக்கியது. வான்கூவரில் ஊசிவழிப் போதைமருந்து ஏற்றிக்கொள்வோரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 23 பேரிடம் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இத்தனைக்கும் வட அமெரிக்காவிலேயே மிகப்பெரிய ஊசிமாற்று நிலையங்களுள் ஒன்று அந்நகரில் இயங்கிவந்தது. பிறகு ஏன் பரவியது? கொக்கெயின் ஏற்றுவோர் ஒரு நாளில் பத்து முறை, அதற்கு மேலும் ஏற்றுவர். நள்ளிரவில் புதிய ஊசிக்கு எங்கே போவது? பக்கத்தில் இருப்பவரின் ஊசியே கைக்கு எட்டும். நிலையான இருப்பிடம் இல்லாமையும் நோய்த்தொற்றோடு சேர்ந்தே காணப்படுகிறது என்று அவ்வாய்வு கூறியது.

இதில் ஒரு கொடுமை உண்டு. எய்ட்ஸ் நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தின் வெற்றியை 1996 ஜூலையில் உலகுக்கு அறிவித்த மாநாடு நடந்தது அதே வான்கூவரில்தான். அம்மாநிலத்தில் அம்மருந்து இலவசம். ஆனால் அந்நாளில் அது நேரம் தவறாமல் பல மாத்திரைகளை விழுங்கவேண்டிய மருந்து. இடையிடையே நின்றால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். கடிகாரமும் இல்லாமல், மாத்திரையை வைக்க ஒரு மாடமும் இல்லாமல், அடுத்த வேளை உணவும் உறுதியில்லாமல் இருப்பவருக்கு இலவச மருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஜூலையை அடுத்த ஜூலையில், ஓப்பன்ஹைமர் பூங்காவின் புல்வெளியில் ஆயிரம் மரச்சிலுவைகள் நடப்பட்டன. போதைமருந்து அளவு மிஞ்சி இறந்தோர்க்கான சிலுவைகள். இதில் முன்நின்றவர்களுள் ஒருவர் ஆஸ்பர்ன். நகர நலவாழ்வுக் குழுவில் அப்போது அவர் உறுப்பினர். அதே ஆண்டு, இது பொதுநல நெருக்கடி என்று அறிவிக்கவேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தைக் குழு ஏற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆன் லிவிங்ஸ்டன் என்னும் பெண்மணியோடு சேர்ந்து, போதைமருந்து பயன்படுத்துவோரே நடத்தும் சங்கம் ஒன்றை அவர் தொடங்கினார். மீண்டவர்களின் சங்கம் அன்று, மீளாதவர்களின் சங்கம்.

இவ்விடத்தில் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தாய்மாமன் குடியால் வேலையிழந்தார். அவரைக் கைவிட்டோம் என்று எங்கள் வீட்டில் எவரும் ஒப்பமாட்டார்கள், நிபந்தனைதான் விதித்தோம். முதலில் குடியை விடு, பிறகு வீட்டுக்கு வா. என் தந்தை இதைத் திண்ணையில் நின்று சொன்னபோது நான் கதவோரம் நின்றேன். மாமா மறுக்கவில்லை. தலையசைத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பேருந்து நிலையத்திலும் சத்திரத்து வாசலிலுமாக மூன்று மழைக்காலம் கிடந்தார். நான்காம் மழையை அவர் காணவில்லை. ஊரார் எங்களை நியாயவான்கள் என்றே சொன்னார்கள்.

ஹேஸ்டிங்ஸ் தெருவினர் அந்த நிபந்தனையின் வரிசையை மாற்றினார்கள்: முதலில் வா. லிஸ் எவன்ஸ் என்னும் செவிலியர் 1991இல் போர்ட்லண்ட் என்ற பழைய விடுதியை நடத்தத் தொடங்கினார். வேறெந்த விடுதியும் சேர்க்காதவர்க்கே அங்கு இடம். போதையை விடாததற்காக எவரையும் வெளியேற்றுவதில்லை.

நகரின் மற்றொரு பகுதியில் டாக்டர் பீட்டர் மையம் 1997இல் திறக்கப்பட்டது. பீட்டர் ஜெப்சன்-யங் என்ற இளம் மருத்துவர், தமக்கு வந்த எய்ட்ஸ் நோயைப் பற்றித் தொலைக்காட்சியில் 111 பகுதிகள் பேசி, 1992 நவம்பரில் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த மையத்தில் எச்.ஐ.வி. உள்ள ஏழைகளுக்குக் காலையுணவு, பகலுணவு, குளிக்க வெந்நீர், துணி துவைக்க இடம், இசை, அருகே செவிலியர். சோற்றுக்கு வந்தவர் குளித்தார். குளித்தவர் அமர்ந்து பேசினார். பேசியவர் மாத்திரையையும் விழுங்கினார். மருத்துவம் என்று தனியாக எதையும் பிரித்துக் காட்ட முடியாதபடி அது நடந்தது. 2002 முதல் அங்குள்ள செவிலியர் அருகிருந்து தூய ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொள்ளவும் இடமளித்தனர். 2003 செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் தெருவிலேயே ‘இன்சைட்’ என்ற நிலையம் இதற்கென முறையாகத் திறக்கப்பட்டது. இப்படி இடங்கொடுப்பது போதையை வளர்க்காதா என்று கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். அந்நிலையத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் மிகைமருந்துச் சாவுகள் நூற்றுக்கு 35 குறைந்தன என்று 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நகரின் பிற பகுதிகளில் குறைந்தது 9 விழுக்காடே. நடுவணரசு அதை மூட முயன்றபோது, கனடாவின் உச்சநீதிமன்றம் 2011 செப்டம்பரில் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாய் நிற்க, அது தொடரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நாம் சொற்களின் கூட்டத்தார் ஆதலால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர்களைத் தமிழில் ‘போதைக்கு அடிமையானவர்’ என்கிறோம். அந்நோய்க்கோ ‘ஆட்கொல்லி’ என்று பெயரிட்டுச் சுவர்தோறும் எழுதினோம். அடிமை, கொல்லி: இரு சொற்களுக்குமிடையே ஒரு மனிதன் நிற்க இடமில்லை. ஆஸ்பர்ன் தம் கவிதைகளில் அம்மனிதர்களைத் தோழர்களாகவே அழைத்தார் என்பதை நான் சிறிய செயலாகக் கருதவில்லை.

அவர் 2014 மே மாதம் மறைந்தார். வான்கூவரின் செயின்ட் பால் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளர்க்கென இருந்த தனிப்பிரிவு, தேவை குறைந்ததால் வேறு பணிக்கு மாற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. ஃபென்டனில் என்னும் கொடிய மருந்து தெருச்சரக்கில் கலந்தது. 2016 ஏப்ரலில் மாநிலமே நெருக்கடி நிலை அறிவித்தது. 2021 முதல் 2024 வரை ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மாநிலத்தில் நஞ்சேறிய போதைமருந்தால் இறந்தனர். இன்சைட் போன்ற ஒரு நிலையம் இத்தனை பேருக்குப் போதாது. வீடில்லாமையை அதனால் தீர்க்கவும் இயலாது.

2016 செப்டம்பரில், ஹேஸ்டிங்ஸ் தெருவுக்குப் பின்புறமுள்ள சந்தில், தெருச்சந்தையை நடத்திவந்தவர்கள் அனுமதி எதற்கும் காத்திராமல் ஒரு கூடாரத்தை அடித்தார்கள். உள்ளே ஒரு மேசை, நாற்காலிகள், மூச்சு நின்றவரை மீட்கும் மருந்து. காவலுக்கு அமர்ந்தவர்களிலும் பலர் அத்தெருவாசிகளே. டிசம்பரில் மாநில அமைச்சர் ஆணையிட்டு, இத்தகைய இடங்களுக்கு அனுமதி அளித்தார். கூடாரம் அதற்குள் மூன்று மாதம் நடந்திருந்தது.