உறுதி தொலைந்த வீடுகள்



ஒல்லாந்தர் ஆட்சியில் காணிகளைப் பதிந்த ஏட்டைத் தோம்பு என்பர். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலுக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் பிரிந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்தனர். அது அளவுப்படமாகவும் பின்னர் ஓவியமாகவும் விரிந்தது. காணி உறுதியைத் தொலைத்தவருக்கு நினைவே உறுதி.

இத்தகைய கலைஞர்கள் இலண்டன் கல்லூரிக் கலைக்கூடங்களில் உரையாற்ற வருங்கால், பெற்றோரே, பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பாக, இன்றிரவே ஒரு தாளில் உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்: கிணறு எங்கே, அடுப்படி எங்கே, படலை எப்பக்கம் திறந்தது?

இளையோரே, சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேளுங்கள்.