காற்றை இறக்கினால் வண்டி ஏறும்
(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஆஸ்திரேலியாவில் இருக்கிறாய், ஏதாவது உபயோகமாகப் பேசு" என்று செயலாளர் சொன்னார். சாதனைப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் மணலில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவன் மாட்டிக்கொண்டதால் அது கொஞ்சம் வெட்கமான கதை.

நான் வசிப்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிரிஸ்பேன் நகரில். அங்கிருந்து வடக்கே போனால் ஒரு தீவு வரும். உலகிலேயே மிகப் பெரிய மணல் தீவு அது. நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். 1992-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாங்கள் போன 2014-இல் அதன் பெயர் ஃப்ரேசர் தீவு. 2023-இல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வைத்த பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. உச்சரிப்பு ஏறத்தாழ 'கர்ரி'. இதைக் கேட்டால் நம் ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வரும். ஆனால் அவர்கள் மொழியில் அதற்குச் சொர்க்கம் என்று பொருள் சொல்கிறார்கள்.

அந்தத் தீவின் கிழக்குக் கடற்கரையே ஒரு சாலை. வேக வரம்பு உண்டு, போலீஸ் உண்டு, தார் மட்டும் கிடையாது. அலை இறங்கியிருக்கும்போது ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். அலை ஏறினால் அந்தத் தரை தண்ணீருக்குள் போய்விடும், மிச்சமிருப்பது மேல்புறத்துப் பொல பொல மணல்தான். ஆகவே அலை உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டாதே என்பது அங்கே பால பாடம்.

அப்போதுதான் கடன் வாங்கி, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த காரவன் ஒன்று வாங்கியிருந்தேன். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மொத்த எடை 2,000 கிலோ. அதை என் நான்கு சக்கர இழுவை ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு, நான், மனைவி, பத்து வயது மகன் மூவரும் புறப்பட்டோம். அன்று அலை உச்சம் மதியம் 2 மணிக்கு. 12 மணிக்குள் மணலை விட்டு ஏறியிருக்க வேண்டும். வீட்டில் இட்லி கட்டி, வழியில் மளிகை வாங்கி, படகிலிருந்து நாங்கள் தீவில் இறங்கியதே 11:30. "என்னங்க, நேரம் சரியா இருக்கா?" என்றாள் மனைவி. "எல்லாம் பாத்துக்கலாம்" என்றேன். நம்மில் பலரைக் கவிழ்த்த வாக்கியம் இது.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. மணலில் டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் 38 பவுண்டை 28 ஆக்கினேன். காரவனில் இருந்த 45 பவுண்டைத் தொடவே இல்லை. "அதுக்குத்தான் இன்ஜினே இல்லையே, சும்மா உருளத்தானே போகுது" என்பது என் தர்க்கம்.

மாணவர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். தார்ச்சாலையில் உருளல் தடையின் கெழு சுமார் 0.015. அதாவது 2,000 கிலோ காரவனை நகர்த்த 30 கிலோ விசை போதும். பொல பொல மணலில் அந்தக் கெழு 0.2-க்கு மேல் போகும். அதே காரவனுக்கு 400 கிலோ விசை! காற்று கெட்டியாக உள்ள டயர் மணல்மேல் உருளாது, ஏர் மாதிரி உழும். காற்றை இறக்கினால் டயர் நீளவாட்டில் படிந்து, தரையைத் தொடும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். இந்தக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினேன். கடற்கரையில் கோட்டை விட்டேன்.

அலை ஏற ஏற, மேல் மணலுக்கு ஒதுங்கினேன். காரவன் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்தது. வேகம் குறைந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஜீப் சக்கரம் சுழன்று குழி தோண்டி, வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

அந்த வழியாக வந்த வயதான மீன்பிடிக்காரர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தினார். நான் என் இழுவைப் பட்டையை எடுத்து, ஒரு முனையை என் ஜீப்பின் முன் கொக்கியில் மாட்டி, மறு முனையை அவர் வண்டியின் பின்னால் துருத்திக்கொண்டிருந்த டோ பாலில் கோத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றிக் கீழே போட்டார். பிறகு, "உன் பையன் எங்கே நிற்கிறான், பார்" என்றார். இரண்டு வண்டிக்கும் நடுவில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தான்!

டோ பால் ஒரே சீராக இழுப்பதற்குச் செய்தது. வெட்டி இழுக்கும் அதிர்ச்சியில் அது முறிந்தால், பட்டையின் விசை அதைப் பீரங்கிக் குண்டாக எறியும். இப்படி உயிர் போனதும் உண்டு என்று சொன்னார். என் முழங்கால் இரண்டும் ஆடின.

அவர் மணலில் காலால் ஒரு கோடு போட்டார். "தண்ணீர் இதைத் தொட்டால் காரவனை மறந்துவிடு. ஜீப்பைக் கழற்றி, குடும்பத்தோடு மேலே போய்விடு." இன்னும் ஒரு தவணைகூடக் கட்டாத காரவன்! ஆனால் மறுபேச்சுப் பேச எனக்கு வாயில்லை.

எட்டுக் கால் டயரிலும், ஆமாம், காரவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எல்லா டயரிலும் 18 பவுண்டு வைத்தார். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை இருவரும் தோண்டினோம். வயிற்றுக்கடியிலும் தோண்டினோம். ஜீப் சக்கரத்துக்கு முன்னால் பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகளைச் செருகினோம். காரவன் பிரேக்கின் கடுமையையும் குறைக்கச் சொன்னார். மணலில் அது பிடித்தால் நங்கூரம் போட்ட மாதிரிதான். மனைவியையும் மகனையும் தூர நிறுத்திவிட்டு, லோ ரேஞ்சில் மெல்ல எடுத்தேன். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. பட்டைக்கு வேலையே வரவில்லை. நுரை அப்போது கோட்டுக்கு இரண்டு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தது.

நன்றி சொல்லப் போனேன். "நிற்கும்போது பிரேக் போடாதே, தானாக நிற்க விடு. சரிவு பார்த்து நிறுத்து. தார் ரோடு ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பு, இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கும். வீட்டுக்குப் போய் உப்பைக் கழுவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மறுநாள் அலை இறங்கிய நேரத்தில் அதே கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் மகெனோ கப்பலைப் பார்த்தோம். 1935-இல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துச் சென்றபோது, புயலில் இழுவைக் கயிறு அறுந்து கரை ஒதுங்கிய கப்பல் அது. மகன் கேட்டான்: "அப்பா, அவங்களும் 'பாத்துக்கலாம்'னு சொல்லியிருப்பாங்களா?" என்னிடம் பதில் இல்லை.

மாணவச் செல்வங்களே, சூத்திரம் தெரிவது ஒன்று, வேண்டிய நேரத்தில் அது ஞாபகம் வருவது வேறு. எனக்கு ஞாபகம் வராததற்குக் காரணம் தலைக்குள் இருந்த காற்று. அதையும் சேர்த்துத்தான் அன்று அந்தப் பெரியவர் இறக்கிவிட்டார். பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது, தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் கையில் பட்டம் இருக்கிறதா, தூண்டில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்.

அந்தக் காரவன் இன்றும் என்னிடம் இருக்கிறது, கடனும் அடைந்துவிட்டது. மகன் இப்போது தானே ஓட்டுகிறான். மணலில் இறங்குமுன் முதலில் காரவன் டயரில்தான் அளவுமானியை வைக்கிறான்.