வடித்த பால் வீணாகலாமா?

(பூன் லேயில் ஆற்றப்பெற்ற உரை)

அன்பார்ந்த தாய்மார்களே, தோட்டத் தொழிலாளப் பெருமக்களே!

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து விளங்கும் இந்தப் பூன் லே, முன்னாளில் சியூ பூன் லே என்னும் தோட்ட முதலாளியின் ரப்பர் நிலமாக இருந்தது. ஆகவே, தோட்டத்து உவமை ஒன்றைக் கூறித் தொடங்குகிறோம். விடியுமுன் எழுந்து மரம் வெட்டுகிறீர்கள். மங்கில் வடிந்த பாலை எடுக்காமல் விட்டால் மழை அடித்துச் சென்றுவிடும். மரத்துக்குக் காயம், உங்கள் உழைப்போ வீண்!

மருத்துவச் சோதனைகளும் இத்தகையனவே. கருவுற்ற பெண்கள் தம் உடலையே நம்பி ஒப்படைத்து அவற்றில் பங்குகொள்கின்றனர். முடிவுகள் பயன்படாமற்போனால் அந்நம்பிக்கை வீணாகிறது. மருத்துவ ஆராய்ச்சிச் செலவில் 85 விழுக்காடு வரை வீணாகக்கூடுமென்று சால்மர்ஸ், கிளாசியூ என்னும் அறிஞர்கள் 2009இல் மதிப்பிட்டனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும், மூச்சுத்திணறல் குறையும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972இல் வெளியிட்டனர். 1991க்குள் மேலும் ஏழு சோதனைகள் நடந்தன. ஆயினும், அவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை 1989 வரை வெளிவரவில்லை. மருத்துவர் பலர் அவ்வூசியைப் போடாமலே இருந்தனர். அமெரிக்க வல்லுநர் குழு அதனைப் பரிந்துரைத்தது 1994இல்தான். இடைக்காலத்தில் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் பல மாண்டன. விடை தெரிந்த கேள்விக்காகவே தாய்மார் சிலர் அம்மருந்தின்றி வைத்து ஒப்பிடப்பட்டனர்.

நம் சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்தைக் குளிரூட்டியில் வைக்கவேண்டும். வெப்பம் தாங்கும் கார்பிடோசின் என்னும் மருந்து ஏறக்குறைய அதற்கு நிகரானதே என்பதைச் சிங்கப்பூர், இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளின் 29,645 தாய்மார் பங்குகொண்ட சோதனை 2018இல் காட்டியது. மறு ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. குளிர்பெட்டி இல்லாத சிற்றூர்த் தாய்க்கும் அது கிட்டும்போதுதான் அவர்கள் அளித்த கொடை முழுமை பெறும்.

எனவே, சோதனையிற் சேர அழைப்பு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இக்கேள்விக்கு முன்னரே விடை உண்டா? இச்சோதனை முறையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளதா? முடிவு எதுவாயினும் வெளியிட்டு எங்களுக்கும் அறிவிப்பீர்களா? இவ்வாறு கேட்பது அவமரியாதையன்று; நம் உரிமை. விடை திருப்தியளித்தால் மனமுவந்து சேருங்கள். வடித்த பால் ஒரு துளியும் வீணாகாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.